வன்னியில் ஒரு கேமிங் கணினி: பவர் சப்ளைக்கே முதலிடம்

கேமிங் கணினி ஒன்றைப் பொருத்த நினைப்பவர்கள் பணத்தைப் பங்கிடும் வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. முதலில் கிராபிக்ஸ் கார்ட், அடுத்து புரொசசர், பிறகு ரம், மொனிற்றர், வண்ண விளக்குகள் பொருத்திய கேசிங். எல்லாம் முடிந்து கையில் மிஞ்சுவதில்தான் பவர் சப்ளை வாங்கப்படுகிறது. மின்சாரம் சீராக வரும் நகரத்தில் இருப்பவருக்கே இந்த வரிசை நல்லதல்ல. ஓமந்தையிலும், அங்கிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கே கிளிநொச்சி வரை பரந்த கிராமங்களிலும் இருப்பவருக்கு இது கேடு. இங்கே முதலில் தெரிவு செய்யவேண்டியது பவர் சப்ளை. அதிலும் வயர்களைக் கழற்றிப் பூட்டக்கூடிய மொடியூலர் வகையை விரும்புவோர், அந்த வசதியைத் தரத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தரம் உறுதியான பிறகே அந்த வசதியைத் தேடவேண்டும்.

இப்படிச் சொல்வதற்கு முதற் காரணம் நம் பக்கத்து மின்சாரம். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு வடக்கே இருந்த வன்னி, நாட்டின் மின்வலையமைப்புக்கு வெளியே கிடந்தது. பற்றரிக்கே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் இவர்கள். 2009க்குப் பிறகே மின்கம்பிகள் படிப்படியாகத் திரும்பி வந்தன. இன்று கரண்ட் இருக்கிறது. ஆனால் அது நீண்ட கிராமப்புறக் கம்பி வழியே, மரக்கிளைகளுக்கு நடுவே வருகிறது. இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்; அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 6. அதாவது 216க்கும் 244க்கும் இடையில் நிற்கவேண்டும். மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள வீடுகளில், எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் நீர்ப்பம்பியும் ஒன்றாக ஓடும் மாலை நேரத்தில் வோல்ற்றளவு கீழே இறங்குவது இயல்பு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையோடு வரும் இடி மின்னல் இன்னொரு பக்கம்.

இவற்றோடு நாடளாவிய மின்தடைகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் நாடே இருளில் மூழ்கியது. கடைசியாகச் சொன்ன தடைக்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கு காரணமென்று சொல்லப்பட்டது. எரிபொருள் வாங்க டொலர் இல்லாத 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது. கரண்ட் போவதால் சேமிக்காத வேலைதான் பெரும்பாலும் அழியும். கருவிகளுக்கு ஆபத்து கூடிய நேரம் அது திரும்பி வரும் கணம். அந்தக் கணத்தில் வோல்ற்றளவு தாவும், விழும், மறுபடி எழும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் கணினியின் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் நடுவே நின்று அந்த அடியை வாங்குவது பவர் சப்ளை ஒன்றுதான்.

அந்தப் பெட்டி செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் தெரிவு எளிதாகும். 230 வோல்ற் ஆடலோட்டத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ற் நேரோட்டமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. இன்றைய கேமிங் கணினியில் புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ற் வழியாகத்தான். ஆகவே பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாற் கணக்கை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 500 வாற் என்று எழுதிய மலிவான பெட்டியில் 12 வோல்ற்றுக்கு 18 அம்பியர் என்றிருந்தால், கேமுக்கு உதவும் வலு 216 வாற் மட்டுமே. பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. தவறிப்போய் 115இல் வைத்து நம் மின்சாரத்தில் போட்டால் உடனே வெடிக்கும். 100 முதல் 240 வோல்ற் வரை தானாகவே ஏற்கும் வகை, மாலை நேரத்து வோல்ற் இறக்கத்தைச் சத்தமின்றிச் சமாளிக்கும். மிகை வோல்ற்று, குறை வோல்ற்று, மிகை மின்னோட்டம், மிகை வலு, குறுஞ்சுற்று, மிகை வெப்பம் ஆகிய ஆறுக்கும் பாதுகாப்பு உண்டா என்று தயாரிப்பாளரின் விபரத்தாளில் பார்க்கவேண்டும்.

மொடியூலரின் பயனும் ஆபத்தும்

மொடியூலர் வகையின் பயன் உண்மையானது. சாதாரணப் பவர் சப்ளையில் எல்லா வயரும் உள்ளேயே பற்றாசு பிடித்து நிற்கும். தேவையற்றவையும் கேசிங்குக்குள் கட்டாகக் கிடக்கும். பாதி மொடியூலரில் மதர்போர்ட், புரொசசர் வயர்கள் நிலையாக இருக்க, மற்றவை கழலும். முழு மொடியூலரில் எல்லாமே கழலும். பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியஸ் தொடும் ஊரில் காற்றுப் பாதையை அடைக்கும் வயர் குறைவது நல்லதே. ஆனாலும் வயர்களை ஒழுங்காகக் கட்டினால் சாதாரண வகையிலும் வெப்பம் பெரிதாக வேறுபடாது. நமக்குக் கிடைக்கும் பெரிய நன்மை வேறிடத்தில் உள்ளது. கோடையில் செம்மண் தூசி கேசிங்குக்குள் படியும். முழு மொடியூலரென்றால் வயர்களை இடத்திலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் கழற்றித் தூசி ஊதலாம். ஒரு வயரின் முனை கருகினால் அந்த வயரை மட்டும் மாற்றலாம். எந்தப் பாகத்துக்கும் வவுனியா நகருக்கோ கொழும்புக்கோ போகவேண்டியிருக்கும் இடத்தில் திருத்தம் எளிதாவது சிறிய விடயமன்று.

ஆனால் இதே வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. மதர்போர்ட்டிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் சொருகும் முனைகளுக்கு உலகப் பொது அளவு உண்டு. பவர் சப்ளையில் சொருகும் மறுமுனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. எந்த ஓட்டையில் 12 வோல்ற், எதில் 5 வோல்ற், எது கிரவுண்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளுக்கிடையிலும் அது மாறலாம். வடிவத்தில் இரண்டும் ஒன்றுபோல் பொருந்தும். ஆனால் 5 வோல்ற் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ற் பாய்ந்தால் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த படங்களும் கோப்புகளும் இருந்த டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும். பாவித்த பாகங்கள் கைமாறும் நம் சந்தையில் இது கவனிக்கவேண்டிய முதல் விதி. பாவித்த மொடியூலர் பெட்டியை அதன் சொந்த வயர்கள் முழுவதும் இல்லாமல் வாங்கக் கூடாது. மேசை இழுப்பறையில் கிடக்கும் வேறு பெட்டியின் வயரை ஒருபோதும் பூட்டக் கூடாது.

மொடியூலர் என்ற சொல் தரத்துக்குச் சான்றாகாது என்பதற்கு 2021இல் உலகறிந்த சான்று கிடைத்தது. கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் ஆகிய இரண்டும் முழு மொடியூலர், இரண்டுக்கும் 80 பிளஸ் கோல்ட் முத்திரை. ஆயினும் சோதனையாளர்கள் வலு எல்லைக்கு அப்பால் தள்ளியபோது அவற்றில் பல தீப்பொறியோடு வெடித்தன. அந்த ஆண்டு ஓகஸ்டில் நிறுவனம் மிகை வலுப் பாதுகாப்பு வேலைசெய்யும் அளவை நூற்றுக்கு 120-150 என்பதிலிருந்து 110-120 ஆகக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட தொடர் இலக்கம் கொண்ட பெட்டிகளை மாற்றித் தர முன்வந்தது. பெயர், முத்திரை, கழலும் வயர் எல்லாம் இருந்தும் உள்ளே பாதுகாப்புச் சரியில்லை. இதிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றே: பெட்டியைத் திறந்து, சுமையேற்றி, 230 வோல்ற்றில் அளந்து எழுதும் சுயாதீனமான சோதனை அறிக்கை இல்லாத மாதிரியை வாங்காதீர்கள்.

எத்தனை வாற்? எந்த முத்திரை?

அடுத்த மயக்கம் வாற் கணக்கு. 850 வாற், 1000 வாற் என்று பெரிய எண்ணைத் தேடுவோர் பலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டின் வலு 115 வாற். ரைசன் 5 5600 புரொசசருக்குக் குறிப்பிட்ட அளவு 65 வாற். மதர்போர்ட், ரம், டிஸ்க், மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 70 வாற் வைத்தாலும் கூட்டினால் 250. அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாற். அந்த இடைவெளி வீணன்று: இன்றைய கார்டுகள் நொடியின் சிறு துணுக்கில் சராசரியைவிட மிகக் கூடிய வலுவை இழுக்கும். அதனால்தான் இன்ரெல் 2022இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதி, 16 முனை இணைப்புக் கொண்ட பெரிய பெட்டிகள் மிகக் குறுகிய நேரத்துக்கு இருமடங்கு வலுவைத் தாங்கவேண்டும் என்றது. ஆகவே நடுத்தரக் கணினிக்கு 550 முதல் 650 வாற் வரையான நல்ல பெட்டி போதும். அதே பணத்துக்குக் கிடைக்கும் தரமற்ற 850ஐ விட அது எல்லா வகையிலும் மேலானது.

80 பிளஸ் முத்திரையையும் அளவோடு மதிக்கவேண்டும். 2004இல் தொடங்கிய இத்திட்டம் முதன்மையாக வினைத்திறனையே அளக்கிறது. 115 வோல்ற் சோதனையில் பாதிச் சுமையில் புரோன்ஸ் முத்திரைக்கு நூற்றுக்கு 85 வினைத்திறன் வேண்டும், கோல்ட் முத்திரைக்கு 90. மேற்சொன்ன 250 வாற் கணினியில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 16 வாற். நாளுக்கு 4 மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு 2 அலகு மிஞ்சும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய பிறகும் 2 அலகுக்காகப் பெரும் விலை கொடுக்கத் தேவையில்லை. குறைவான கழிவு வெப்பம் என்பதே கோல்டின் உண்மைப் பயன். 80 பிளஸ் சோதனை நடப்பது 23 பாகை அளவிலான அறையில். நம் அறைகள் அப்படியில்லை. பெட்டிக்குள் மின்னைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை ஏறும்போது ஏறக்குறையப் பாதியாகும். எனவே 85 பாகைக்குரிய கொள்ளளவிகளை விட்டு, 105 பாகைக்குரியவற்றைக் கொண்ட பெட்டியைத் தேடவேண்டும். நிறுவனமே தரும் உத்தரவாதக் காலமும் நல்ல அளவுகோல். சில நிறுவனங்கள் பத்தாண்டு தருகின்றன. ஆனால் இலங்கையிலுள்ள முகவர் அதில் எத்தனை ஆண்டை ஏற்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மறுப்புகளுக்கு விடை

மலிவான பெட்டியை வைத்தே பல வருடம் ஓட்டுகிறார்களே என்பார்கள். உண்மைதான்; தட்டெழுதவும் படம் பார்க்கவும் பாவிக்கும் கணினி 100 வாற்றைத் தாண்டாது. அந்தப் பெட்டி தன் எல்லையைத் தொடாமலே காலத்தைக் கழிக்கிறது. கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைச் சேர்த்த அன்றுதான் அதன் பலவீனம் வெளியே வரும். யூபிஎஸ் வைத்தால் எந்தப் பெட்டியும் போதும் என்பது இன்னொரு வாதம். யூபிஎஸ் வேண்டியதுதான், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. கரண்ட் நின்று பற்றரிக்கு மாறும் இடைவெளி வழமையான யூபிஎஸ்களில் சில மில்லி விநாடி. அந்த இடைவெளியைத் தன் கொள்ளளவியில் சேர்ந்த மின்னால் கடக்கவேண்டியது பவர் சப்ளைதான். ஏடிஎக்ஸ் 3.0 விதி, நூற்றுக்கு 80 சுமையில் 17 மில்லி விநாடி தாங்கவேண்டும் என்கிறது. மலிவான பெட்டி அவ்வளவு தாங்காமல் போனால், யூபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிடும். யூபிஎஸ்ஸில் 650 என்று எழுதியிருப்பது வோல்ற் அம்பியர் கணக்கு. வாற்றில் அது பெரும்பாலும் 400க்குக் கீழே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல பெட்டியும் புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் முழுமையாக வேலைசெய்யாது. பவர் சப்ளையின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டிக் கொள்ளளவிகள் சிறு மின்னோட்டத்தை எர்த் வயருக்கு அனுப்பும். அந்த வயர் இல்லையென்றால் கேசிங் ஏறக்குறையப் பாதி வோல்ற்றில் மிதக்கும். கேசிங்கைத் தொடும்போது விரலில் சுள்ளென்று அடிப்பது அதனால்தான். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடப்டரில் சொருகுவதை இன்றே நிறுத்தவேண்டும். இடி மின்னல் தொடங்குமுன்பே பிளக்கைக் கழற்றிவிடுவதை விடச் சிறந்த பாதுகாப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

விளையாட்டுக் கணினிக்கு ஏன் இத்தனை கரிசனை என்று பெற்றோர் கேட்கலாம். ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். அதைவிட முக்கியமாக, கேம் ஓடும் கணினியில்தான் வீடியோ தொகுப்பும் முப்பரிமாண வரைபும் நிரலாக்கமும் நடக்கின்றன. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் மாவட்டத்தில் ஒரு வீட்டுக் கணினி மாணவரின் படிப்புக் கருவியும்கூட. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டிய பிறகு, எரிந்த கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்று வாங்குவது நம் குடும்பங்களுக்கு எளிதான காரியமா?

வாங்கப் போகிறவர்கள் இந்த வரிசையில் கேளுங்கள்: 12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர், ஆறு பாதுகாப்பும் உண்டா, 100-240 வோல்ற் ஏற்குமா, சுயாதீனமான சோதனை அறிக்கை உண்டா, முகவர் உத்தரவாதம் எத்தனை ஆண்டு. இவற்றுக்கெல்லாம் விடை சரியாக வந்த பிறகு மொடியூலரா என்று கேளுங்கள். பணம் போதாவிட்டால் மொடியூலரை விட்டுவிடுங்கள், தரத்தை விடாதீர்கள். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மொடியூலர் பெட்டி விற்கும்போது அதன் வயர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பெட்டியின் பெயரை அந்தப் பையில் எழுதிக் கொடுங்கள்.