மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி வாங்குகிறீர்களா? ஸ்லாட்டில் பொருந்தினால் மட்டும் போதாது!

பழைய மடிக்கணினியின் வேகத்தைக் குறைந்த செலவில் கூட்டுவதற்கு, அதிலுள்ள ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துவது சிறந்த வழியாகும். ஆனால், புதிய எஸ்எஸ்டி ஸ்லாட்டில் கச்சிதமாக அமர்ந்த பின்னரும், கணினி அதனை அடையாளம் காணாமல் போவதுண்டு. வடிவம் பொருந்துவது வேறு, மின்னணு இணைப்பு பொருந்துவது வேறு என்பதே இதற்குக் காரணம்.

எம்.2 என்பது வடிவம் மட்டுமே

தற்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள சிறிய ஸ்லாட் 'எம்.2' என அழைக்கப்படுகிறது. இதில் பொருத்தப்படும் எஸ்எஸ்டிகள் இரண்டு வகைப்படும். சாட்டா வகை விநாடிக்குச் சுமார் 550 எம்பி வேகத்தில் தரவைப் படிக்கும். பிசிஐஇ இணைப்பைப் பயன்படுத்தும் என்விஎம்இ வகையில், மூன்றாம் தலைமுறை எஸ்எஸ்டிகள் சுமார் 3,500 எம்பி வரையிலும், நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிகள் சுமார் 7,000 எம்பி வரையிலும் எட்டக்கூடியவை.

சில ஸ்லாட்டுகள் இரு வகைகளையும் ஏற்கும். சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும்.

ஏமாற்றும் வெட்டுகள்

எஸ்எஸ்டியின் இணைப்பு முனையில் காணப்படும் வெட்டுகள் 'பி', 'எம்' எனக் குறிக்கப்படுகின்றன. பெரும்பாலான என்விஎம்இ எஸ்எஸ்டிகளில் 'எம்' வெட்டு மட்டும் இருக்கும். சாட்டா எஸ்எஸ்டிகளில் பொதுவாக இரு வெட்டுகளும் இருப்பதால், அவை 'எம்' ஸ்லாட்டிலும் எளிதாக நுழைந்துவிடும். எனினும், அந்த ஸ்லாட்டில் பிசிஐஇ இணைப்பு மட்டுமே இருந்தால், சாட்டா எஸ்எஸ்டி இயங்காது. எனவே, வெட்டுகளை மட்டும் பார்த்து வாங்குவது பாதுகாப்பானதல்ல.

நீளமும் முக்கியம்

எஸ்எஸ்டி மீது 2230, 2242, 2280 போன்ற எண்கள் குறிப்பிடப்பட்டிருக்கும். முதல் இரு இலக்கங்கள் 22 மி.மீ. அகலத்தையும், அடுத்த இரண்டு நீளத்தையும் குறிக்கின்றன. 42 மி.மீ. இடமுள்ள கணினியில் 80 மி.மீ. எஸ்எஸ்டியைப் பொருத்த இயலாது.

பழைய கணினிகள்

எம்.2 வருவதற்கு முந்தைய சில மடிக்கணினிகளில் எம்சாட்டா ஸ்லாட் இருந்தது. வைஃபை அட்டைகளுக்கான மினி பிசிஐஇ ஸ்லாட்டும் அதே வடிவம் கொண்டது. ஆனால், சாட்டா இணைப்பு வழங்கப்படாத மினி பிசிஐஇ ஸ்லாட்டில் எம்சாட்டா எஸ்எஸ்டி இயங்காது. 2.5 அங்குல சாட்டா ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகளில், அதே அளவிலான சாட்டா எஸ்எஸ்டியை அந்த இடத்திலேயே பொருத்தலாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* கணினியின் முழு மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் பராமரிப்புக் கையேட்டில் ஸ்லாட்டின் வகை, ஏற்கும் நீளம் ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டும்.

* நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் இயங்கும். ஆனால், வேகம் ஸ்லாட்டின் வரம்புக்குள்ளேயே இருக்கும். அதற்காகக் கூடுதல் பணம் செலவிடத் தேவையில்லை.

* பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன், தரவுகளை வேறோர் இடத்தில் நகலெடுப்பது அவசியம். விண்டோஸின் பிட்லாக்கர் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், அதன் மீட்புக் குறியீட்டையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அக்குறியீடு இல்லாவிடில், கழற்றிய டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்தாலும் அதிலுள்ள கோப்புகளைத் திறக்க முடியாமல் போகலாம்.