ஞாயிற்றுக்கிழமை ஓட்டமும் என் இடது கால் விரலும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மாட்டுங்கா பூக்கடைக்காரர்கள் கூடைகளைப் பிரிக்கும் நேரத்தில், அரைக்கால் சட்டை போட்ட கிழவர் ஒருவர் ஓடுவதை அன்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம். அது அடியேன்தான். "பென்ஷன் வாங்கின பிறகு எந்த வண்டியைப் பிடிக்க சார் இந்த ஓட்டம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். "சர்க்கரையைப் பிடிக்கத்தான்" என்றேன்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற வருடமே நீரிழிவு என்று தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். ஃபைவ் கார்டன்ஸில் நடக்க ஆரம்பித்தேன். அங்கே ஓடும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நடை மெதுவாக ஓட்டமாயிற்று. பிறகு மாரத்தான் ஆசையும் வந்தது.

மும்பை மாரத்தான் 2004-இல் தொடங்கியது. ஜனவரி மாதத்தில் நடக்கிறது. முழு ஓட்டம் 42.195 கிலோமீட்டர். அது புறப்படுவது நம் வி.டி. ஸ்டேஷன் வாசலிலிருந்து. அந்தக் கட்டடத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் அதே 2004-இல்தான். ரயில்வேக்காரனுக்கு இதில் ஒரு பெருமை. நான் ஆசைப்பட்டது பாதி தூரத்துக்கு, அதாவது 21 கிலோமீட்டர் சொச்சத்துக்கு.

அதற்கு வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம் வேண்டும். மாட்டுங்காவிலிருந்து தாதர், சிவாஜி பார்க், பிரபாதேவி வழியாக ஒர்லி கடற்கரை. திரும்ப அதே வழி. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் முதல் நாளே முழு வேகத்தில் வண்டி விடுவதில்லை அல்லவா?

வீட்டு வாசலில் ஒரு காட்சி

முதல் தடவை 16 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தபோது என் மனைவி பயந்துபோனாள். நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாக உப்பு. பனியனில் மார்புக்கு நேராக இரண்டு ரத்தக் கோடுகள். "ஐயோ, என்னங்க இது!" என்று அலறினாள்.

இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. வியர்வை காய்ந்தால் உப்பு தங்கும். மும்பைக் காற்றின் ஈரத்தில் துணி காயாது. நனைந்த பருத்தித் துணி மார்பில் உரசி உரசித் தோலைக் கிழித்துவிடும். உரசும் இடத்துக்கு எண்ணெய் வேண்டும் என்பது முப்பத்தைந்து வருடம் பெட்டிகளைப் பழுது பார்த்தவனுக்குத் தெரியாதா? வாஸ்லைன் தடவினேன், சரியாயிற்று. கால் கட்டை விரல் நகம் கறுத்ததும் அப்படித்தான். நெடுநேரம் ஓடும்போது பாதம் வீங்கும். விரல் ஷூவின் முனையில் இடித்து, நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டும். அரை சைஸ் பெரிய ஷூ வாங்கினேன்.

வலிக்காத புண்

அன்பர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்து தெம்பாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "உங்க சாக்ஸ் ஏன் சிவப்பா இருக்கு?" என்றாள் மனைவி. கழற்றிப் பார்த்தால் இடது சுண்டு விரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. எனக்கு ஒரு துளி வலிகூட இல்லை. வலிக்காததால் அலட்சியமாக விட்டேன். நான்காம் நாள் விரல் வீங்கிச் சீழ் வைத்தது.

டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பல இடங்களில் எனக்குத் தெரியவில்லை. நீரிழிவு நாளடைவில் பாத நரம்புகளின் உணர்ச்சியைக் குறைத்துவிடுமாம். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். ஆறு வாரம் ஓட்டமில்லை. அந்த ஜனவரி போட்டியும் போயிற்று.

படுத்திருந்தபோது வாடிபந்தர் யார்டு நினைவுக்கு வந்தது. வண்டி உள்ளே வரும்போதே ஓரமாக நின்று ஒவ்வொரு பெட்டியையும் பார்ப்போம், சக்கரச் சத்தத்தைக் கேட்போம். வண்டி நின்றதும் ஆக்ஸில் பாக்ஸ் சூட்டைத் தொட்டுப் பார்ப்போம். வண்டி தானாக வாய் திறந்து சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும். என் பாதமும் வாய் திறக்காத பாதம். ஆயிரம் பெட்டிகளைப் பார்த்தவன் சொந்தக் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

இப்போது

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு மறுபடி ஓடுகிறேன், குறைந்த தூரம். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில சமயம் சர்க்கரை திடீரென்று இறங்கும். தண்ணீரும் தாகத்துக்குத் தக்கபடிதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தது அதற்கு முக்கியக் காரணம் என்று 2005-இல் வெளியான ஆய்வு சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. வெள்ளை சாக்ஸ்தான் போட வேண்டும், ரத்தம் தெரிய வேண்டுமாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் அவள் பார்த்து முடித்த பிறகுதான் காப்பி வரும்.

நம் சங்கக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. ஓடுகிறீர்களோ, கோயிலைச் சுற்றி நடக்கிறீர்களோ, இன்று இரவு படுக்கும் முன் பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.