நடைபாதையைத் தாழ்த்திய நகரங்கள்

காலையில் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடும் மாணவர்களுக்கு கெல்லாக்ஸ் என்ற பெயர் நன்றாகத் தெரியும். அந்த நிறுவனம் பிறந்த ஊர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பேட்டில் கிரீக். அந்தச் சிறு நகரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. போரில் காயமடைந்து திரும்பியவர்களை ஒரு நகரம் எப்படி மதிக்கலாம் என்பதை அந்த வரலாறு நமக்குச் சொல்லித் தருகிறது.

மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக் அங்கே புகழ்பெற்ற சுகாதார நிலையம் ஒன்றை நடத்தினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டில் அதன் பெரிய கட்டடத்தை அமெரிக்க ராணுவம் வாங்கியது. அதுவே பெர்சி ஜோன்ஸ் ராணுவ மருத்துவமனை ஆனது. 1953-இல் மூடப்படும் வரை ஏறக்குறைய ஒரு லட்சம் ராணுவத்தினர் அங்கே சிகிச்சை பெற்றனர். கை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு பொருத்திப் பயிற்சி அளிப்பது அதன் சிறப்பு.

அவர்களில் மூன்று இளைஞர்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பிலிப் ஹார்ட் 1944-இல் நார்மண்டிக் கடற்கரைத் தாக்குதலில் காயமடைந்தவர். பாப் டோல் 1945 ஏப்ரலில் இத்தாலியில் படுகாயமடைந்து வலது கையின் பயன்பாட்டை இழந்தார். அடுத்த சில நாள்களில் அதே இத்தாலியில் டேனியல் இனோயே வலது கையையே இழந்தார். பிற்காலத்தில் மூவரும் அமெரிக்க செனட் சபை உறுப்பினர்கள் ஆனார்கள். 2003-இல் அந்தப் பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்கு மூவரின் பெயரும் சூட்டப்பட்டது.

ஒரு படி உயரம்

பெயர் சூட்டுவது மரியாதைதான். ஆனால், மருத்துவமனையை விட்டு வெளியே வந்த வீரருக்கு முதல் தடை எது தெரியுமா? நடைபாதையின் விளிம்பு! நமக்கு அது ஒரே ஒரு படி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அது ஒரு சுவர்.

பேட்டில் கிரீக்குக்கு அருகிலுள்ள கலமசூ நகரில் ஜேக் ஃபிஷர் என்ற வழக்கறிஞர் இருந்தார். அவரும் ராணுவப் பணியில் உடல் ஊனமுற்றவர். சாலை முனைகளில் நடைபாதையைத் தாழ்த்திச் சரிவு அமைக்க வேண்டும் என்று 1945-இல் அவர் நகர மன்றத்திடம் கோரிக்கை வைத்தார். மன்றமும் சோதனை முயற்சியாகச் சில முனைகளில் சிமென்ட் சரிவுகளைக் கட்டியது. யார் துணையும் இல்லாமல் ஒருவர் வேலைக்குப் போய்வர அந்தச் சரிவு உதவும் என்பது ஃபிஷரின் வாதம். இரக்கம் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. உழைத்து வாழ வழி கேட்டார்.

வீரர்களுக்காகக் கேட்ட வசதி எல்லாருக்கும் பயன்பட்டது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய், பயணப்பெட்டியை இழுத்துச் செல்பவர், முழங்கால் வலியுள்ள தாத்தா, பாட்டி என்று இன்று அந்தச் சரிவில் ஏறாதவர் இல்லை.

பாப் டோலும் சும்மா இருக்கவில்லை. 1969 ஏப்ரல் 14-ஆம் நாள், தாம் காயமடைந்த அதே தேதியில், செனட்டில் தமது முதல் உரையை ஆற்றினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், உடற்குறை உள்ளோரின் நிலை. 1990-இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். புதிதாகக் கட்டும் நடைபாதைகளில் சரிவு அமைப்பதை அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது.

பலகையும் பாதையும்

போரில் எதிரியால் காயமடைந்த அமெரிக்க வீரருக்கு 'ஊதா இதயம்' என்ற பதக்கம் வழங்கப்படுகிறது. 1782 ஆகஸ்ட் 7-இல் ஜார்ஜ் வாஷிங்டன் உருவாக்கிய துணிச் சின்னமே அதன் மூலம். இன்று அமெரிக்காவில் பல நகரங்கள் தம்மை 'ஊதா இதய நகரம்' என்று அறிவித்துக்கொள்கின்றன. ஊர் எல்லையில் பலகை வைக்கின்றன. காயமடைந்த வீரர்களுக்குக் கார் நிறுத்த இடம் ஒதுக்குகின்றன. ஆகஸ்ட் 7-இல் விழாவும் எடுக்கின்றன.

பலகை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தம்மை ஊர் மறக்கவில்லை என்பது காயம்பட்டவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால், அந்தப் பலகையைத் தாண்டி ஊருக்குள் நுழைபவர் நூலகத்துக்கும் கடைக்கும் தாமாகவே போக முடிந்தால்தான் அந்த மரியாதை முழுமை பெறும்.

மாணவர்களே, நம் நாட்டிலும் ஜூலை 31-ஆம் நாள் வீரர்களை நினைவுகூர்கிறோம். அன்று மௌன அஞ்சலி செலுத்திய பிறகு ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்து செல்லுங்கள். சக்கர நாற்காலி ஏற முடியாத இடம் எத்தனை, சரிவை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிள் எத்தனை என்று எண்ணுங்கள். கணக்கை எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆசிரியரின் துணையோடு நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதமும் எழுதலாம். கலமசூவில் மாற்றம் தொடங்கியதும் ஒரு கோரிக்கையில்தான்.