புயலில் ஆளைத் தூக்கியவர் விண்வெளிக்கே போனார்! தெரியுமா?

நடுராத்திரி. நடுக்கடல். படகு மூழ்குகிறது. கரையிலிருந்து ஹெலிகாப்டரைக் கிளப்பிக்கொண்டு ஓடி வரும் விமானி, பின்னாளில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கமாண்டர் ஆனார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் டேன் பர்பேங்க்! அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்காரர்!

எத்தனை முறை ஆபத்தில் இருந்தவர்களைத் தேடிப் பறந்தார் தெரியுமா? 300 முறைக்கு மேல்! மற்ற பணிகளையும் சேர்த்தால் 2,000-ஐத் தாண்டும்! அலாஸ்காவின் சிட்கா வரை போய் வேலை பார்த்தவர். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம்!

இதைக் கேளுங்கள்! படகுக்கு நேர் மேலே ஹெலிகாப்டரை நிறுத்திவிட்டால், விமானியின் கண்ணுக்குப் படகே தெரியாது! அது அவர் காலுக்கடியில் அல்லவா இருக்கிறது! கதவோரம் எட்டிப் பார்க்கும் சக வீரர், "முன்னால... இன்னும் கொஞ்சம் வலது... நில்லு!" என்று ஹெட்போனில் சொல்வார். அந்தக் குரலை மட்டும் நம்பி, அடிக்கிற காற்றில் ஹெலிகாப்டரை அசையாமல் பிடிக்க வேண்டும்! அப்போதுதான் கம்பிவடத்தில் கூடை இறங்கும். கீழே படகோ அலையில் துள்ளிக்கொண்டே இருக்கும்! யாருக்கு வரும் இந்தத் தைரியம்?

நாசா அவரைத் தேர்ந்தெடுத்தது 1996-ல். கடலோரக் காவல் படையிலிருந்து அதற்கு முன் விண்வெளிக்குப் போனவர் ஒரே ஒருவர்தான்! புரூஸ் மெல்னிக், 1990-ல்.

முதல் பயணம் 2000 செப்டம்பரில், அட்லாண்டிஸ் விண்ணோடத்தில். அப்போது விண்வெளி நிலையத்தில் குடியிருக்க ஆளே வரவில்லை! பர்பேங்க் உட்பட 7 பேர் போய்ச் சாமான் இறக்கி, பேட்டரி மாட்டி, கழிப்பறை வரை பொருத்திவிட்டு வந்தார்கள்! பால் காய்ச்சுவதற்கு முன் நடக்கிற பிளம்பர் வேலை மாதிரி!

இரண்டாவது பயணம் 2006-ல். விண்வெளியில் மிதந்தபடியே 7 மணி நேரம் 11 நிமிடம் வேலை! நடுவில் ஒரு போல்ட் கைநழுவிப் பறந்தேவிட்டது!

மூன்றாவது பயணம் 2011 நவம்பர் 14-ல். பைக்கனூர் ஏவுதளத்தில் பனிப்புயல்! அதற்குள்ளேயே அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம்! உடன் போன ரஷ்யர்கள் இருவருக்கும் அதுதான் முதல் விண்வெளிப் பயணம்!

அவர் மேலே இருந்தபோதே லவ்ஜாய் என்ற புது வால்நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. டிசம்பரில் அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து வெறும் 1,40,000 கிலோமீட்டர் தூரத்தில், உரசாத குறையாகப் பாய்ந்தது! சாம்பலாகிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தப்பித்துவிட்டது! சில நாளில் பூமியின் விளிம்புக்கு மேல் நீண்ட வாலோடு எழுந்தது. ஜன்னலில் கேமராவோடு யார்? பொழுதுபோக்காக வானத்தைப் பார்க்கிற பர்பேங்க்தான்! அதிர்ஷ்டக்காரர்!

2012 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? 2009-ல் மோதி நொறுங்கிய ஒரு ரஷ்ய செயற்கைக்கோளின் துண்டு நிலையத்தை நோக்கி வந்தது! நிலையத்தில் இருந்த 6 பேரும் சோயுஸ்களுக்குள் பதுங்கினார்கள். ஊரையெல்லாம் காப்பாற்றியவருக்கே உயிர்காக்கும் படகு தேவைப்பட்டது! நல்லவேளை, துண்டு விலகிப் போய்விட்டது.

3 பயணங்களில் மொத்தம் 188 நாள் விண்வெளி வாசம்!

கடைசியாக ஒன்று. நமக்கெல்லாம் தெரிந்த விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸும் ஹெலிகாப்டர் விமானியாக இருந்தவர்தான், தெரியுமா? 1992-ல் ஆண்ட்ரூ புயல் புளோரிடாவைப் புரட்டிப் போட்டபோது, மயாமிக்கு நிவாரணத்துக்குப் போன கடற்படை ஹெலிகாப்டர் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு அதிகாரி!