டிவிடியில் போட்ட காணொளி பிளேயரில் ஏன் ஓடவில்லை?

கல்யாணக் காணொளியை டிவிடியில் போட்டுப் பாட்டிக்குக் கொடுத்தாச்சு. கணினியில் நல்லா ஓடுது. பாட்டி வீட்டுப் பழைய பிளேயரில் மட்டும் ஓடல. ஏன்?

காரணம் என்ன?

கைத்தொலைபேசியில் எடுக்கும் காணொளி பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 வகை. பழைய பிளேயர்களுக்குப் புரிவது எம்பெக்-2. கோப்புகளும் 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறைக்குள் முறைப்படி இருக்கணும். அப்படியே காப்பி செய்தால் போதாது.

என்ன செய்யலாம்?

- டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் காணொளியைச் சேருங்கள். மாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

- 'பால்' முறையைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூர், மலேசியத் தொலைக்காட்சிகள் பயன்படுத்திய முறை அது. ஒரு விநாடிக்கு 25 படங்கள்.

- நீளத்தைக் கவனியுங்கள். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. சுமார் 2 மணி நேரம்வரை படம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் திணித்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 2 டிவிடிகளாகப் பிரிப்பது நல்லது.

- மெதுவான வேகத்தில் பதிவுசெய்யுங்கள். கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்ய மறக்காதீங்க. செய்யாவிட்டால் பல பிளேயர்களில் ஓடாது.

மூலக் கோப்பை அழிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். டிவிடி படத்தில் 720x576 புள்ளிகள்தான். முழு எச்டி படத்தில் அதைவிட 5 மடங்கு. மாற்றும்போது இழந்த தெளிவை டிவிடியிலிருந்து திரும்பப் பெற முடியாது. தட்டில் கீறல் விழுந்தால் அதுவும் போச்சு.

டிவிடி பாட்டிக்கு. மூலக் கோப்பு உங்களிடம், 2 இடங்களில் பத்திரமாக.