மணவிலக்கில் குழந்தைப் பராமரிப்பு: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தையும் மணவிலக்கையும் நெறிப்படுத்துவது 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டமாகும். 1982 மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இந்துக்களின் திருமணம் பெரும்பாலும் வழக்காற்றின் வழியே நிகழ்ந்தது. பிரிவும் அவ்வாறே நிகழ்ந்தது. தோட்டப்புறத்தில் கங்காணியும் கோயில் தலைவரும் உறவுப் பெரியவர்களும் கூடிப் பேசி, பிள்ளை யாரிடம் வளர்வது, அதற்கு யார் செலவு செய்வது என்று முடிவு செய்தனர். அம்முடிவு எழுத்தில் இராது. இரு தரப்பாரும் ஒரே ஊரார் கண்முன் வாழ்ந்தவரை அது ஓரளவு செல்லுபடியாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிய பின்னர் அந்த ஊரும் இல்லை, அதன் கண்காணிப்பும் இல்லை.

அவ்விடத்தைச் சட்டம் நிரப்பியதா என்பதே இங்கு எழும் வினா. பெற்றோர் குழந்தையின் பராமரிப்பையும் அதற்குரிய பணத்தையும் பற்றித் தமக்குள் பேசி முடிவு செய்யும்பொழுது, சட்டம் அவர்களுக்கு எதைத் தருகிறது, எதை அவர்களிடமே விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. சட்டம் விட்டுவைத்துள்ள இடம் பலரும் எண்ணுவதைவிடப் பெரிது என்பது கட்டுரையாளரின் கருத்தாகும்.

இரு வழிகள்

மணவிலக்குக்கு இரண்டு வழிகள் உள்ளன. கணவன், மனைவி இருவரும் மனமொத்துக் கூட்டாக மனுச் செய்வது 52ஆம் பிரிவின்படியான வழி. திருமணம் மீட்க முடியாதவாறு முறிந்துவிட்டது என்று ஒருவர் மட்டும் மனுச் செய்வது 53ஆம் பிரிவின்படியான வழி. இரண்டாவது வழியில் செல்வோர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் 106ஆம் பிரிவின்படி ஓர் இணக்கக் குழுவின் முன் செல்ல வேண்டும். தேசியப் பதிவிலாகாவின் வழி அமையும் திருமண நடுவர் மன்றம் அவ்வகைக் குழுக்களுள் ஒன்று. அமைச்சரின் ஒப்புதல் பெற்றிருந்தால், ஒரு சமயத்தின் அல்லது சமூகத்தின் அமைப்பும் இணக்கக் குழுவாகச் செயற்படலாம். இக்குழுவின் முன் வழக்கறிஞர்கள் தோன்ற இயலாது. ஒருவருக்காகப் பிறர் பேச வேண்டுமாயின், குழுவின் சிறப்பு அனுமதி இல்லாத நிலையில், அவர் குடும்ப உறுப்பினராகவே இருத்தல் வேண்டும். தாய்மாமன் பேசிய இடத்தைச் சட்டம் முற்றாக மூடிவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் நம் பொருளுக்கு முதன்மையானது 52ஆம் பிரிவே. இருவரும் விருப்பத்துடன் இசைந்துவிட்டனர் என்பது மட்டும் அங்குப் போதாது. மனைவிக்கும், குழந்தைகளின் ஆதரவு, கவனிப்பு, பொறுப்புரிமை ஆகியவற்றுக்கும் முறையான ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்று நீதிமன்றம் நிறைவடைய வேண்டும். எனவே இவ்வழியில் பெற்றோர் பேசி எழுதும் உடன்படிக்கையே வழக்கின் நடுப்பகுதியாகிறது. பிரிக்பீல்ட்ஸ் வாழ்வோர் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தையும், சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்த கிள்ளான் வாழ்வோர் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தையும் நாடுவது வழக்கம். எந்த நீதிமன்றமாயினும் நீதிபதி முதலில் காண்பது பெற்றோர் கொண்டுவரும் தாளைத்தான்.

சொற்களில் உள்ள வேறுபாடு

பேச்சுவார்த்தையில் முதற்குழப்பம் சொற்களிலேயே தோன்றுகிறது. ‘பிள்ளை எனக்கு’ என்று ஒருவர் கூறும்பொழுது அவர் மூன்று வேறு பொருள்களுள் ஒன்றைக் கருதக்கூடும். பள்ளி, மருத்துவம், வளர்ப்புமுறை போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் பொறுப்புரிமை ஒன்று. குழந்தை அன்றாடம் யார் வீட்டில் உண்டு உறங்கி வளர்கிறது என்னும் நேரடிப் பராமரிப்பு மற்றொன்று. உடன் வாழாத பெற்றோர் குழந்தையைக் காணும் சந்திப்புரிமை மூன்றாவது. சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் வேறு நிபந்தனை விதித்தாலன்றி, பொறுப்புரிமை பெற்றவரே குழந்தையின் வளர்ப்பையும் கல்வியையும் பற்றிய எல்லா வினாக்களையும் முடிவு செய்யும் உரிமை உடையவர். பொறுப்புரிமையைத் தாயிடம் மட்டும் எழுதிக் கொடுத்த தந்தை, பின்னர்த் தமிழ்ப்பள்ளியா தேசியப்பள்ளியா என்னும் வினாவில் தம் கருத்து கேட்கப்படவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. தாய்க்கும் இஃது அவ்வாறே பொருந்தும். நேரடிப் பராமரிப்பை ஒருவரிடம் விட்டு, பொறுப்புரிமையை இருவரும் கூட்டாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இக்காரணத்தாலேயே விரும்பப்படுகிறது.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே அதற்கு நன்று என்னும் அனுமானத்தை 88ஆம் பிரிவு கொண்டுள்ளது. இதனை மாற்ற முடியாத விதியாகக் கொள்வது தவறு. தக்க சான்றால் மறுக்கத்தக்க அனுமானம் என்றே சட்டம் கூறுகிறது. குழந்தையின் வாழ்விடத்தை மாற்றி அதன் வாழ்வைக் குலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் கருதவேண்டும் என்று அதே பிரிவு பணிக்கிறது. தந்தையின் தாயாரிடம் நான்கு ஆண்டுகள் வளர்ந்த குழந்தையை எண்ணிப் பார்த்தால் இவ்விரு கூற்றுகளும் எத்துணை முரண்படக்கூடும் என்பது புலனாகும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொள்ளப்படுவது குழந்தையின் நலன். அதன்பின் பெற்றோரின் விருப்பமும், சுயமாகக் கருத்துரைக்கும் வயதை எட்டிய குழந்தையின் விருப்பமும் கருதப்படும். தாய்க்கும் தந்தைக்கும் சமமான பெற்றோர் உரிமை என்பதே, 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டம் 1999இல் திருத்தப்பட்ட பின்னர்தான் வந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

‘நியாயமான சந்திப்பு’

உடன்படிக்கைகளில் மிகுதியாகக் காணப்படும் தொடர், தந்தைக்கு ‘நியாயமான சந்திப்புரிமை’ உண்டு என்பதாகும். படிப்பதற்கு இணக்கமாகத் தோன்றும் இத்தொடரே பூசலின் வித்து எனலாம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். தாய் பிரிக்பீல்ட்சில் தம் பெற்றோருடன் வாழ்கிறார். பிள்ளைகள் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் பயில்கின்றனர். தந்தை கிள்ளானில் வாழ்ந்து துறைமுகத்தில் முறைவேலை செய்கிறார். சனி, ஞாயிறு என்று எழுதினால், வார இறுதியில் வேலை விழும் தந்தைக்கு அது வெறும் எழுத்து. வெள்ளி மாலை என்று எழுதினால், பிள்ளையைக் கேஎல் சென்ட்ரலில் கொண்டுவந்து விடுவது யார், அங்கிருந்து கொமியூட்டர் இரயிலில் கிள்ளானுக்கு அழைத்துச் செல்வது யார், திரும்பக் கொண்டுவருவது யார் என்னும் வினாக்கள் எழும். தந்தையின் வேலை அட்டவணை வந்தவுடன் அம்மாதத்தின் இரண்டு வார இறுதிகளை முன்கூட்டியே குறிப்பது, தவறிய முறைக்கு மாற்று நாள் தருவது, ஒப்படைக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதுவது ஆகியவை சிறியனவாகத் தோன்றினும், பத்து ஆண்டுகள் நடைமுறையில் இருக்கப்போகும் ஏற்பாடு இவற்றின்மேல்தான் நிற்கிறது.

திருநாள்கள் தனியே எழுதப்படல் வேண்டும். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்ப்பது எந்த வீட்டில் என்பது வழக்கறிஞருக்குச் சிறு செய்தி, பாட்டிக்கு அன்று. ஓராண்டு தாயிடம், மறு ஆண்டு தந்தையிடம் என்று மாற்றலாம். அல்லது காலை ஒரு வீட்டிலும் மாலை மறு வீட்டிலும் என்று பிரிக்கலாம். தைப்பூசத்திற்குப் பத்துமலையில் முடிகாணிக்கை நேர்ந்திருப்பின் அதையும் முன்பே பேசிவிடுவது நன்று. உடன் வாழாத பெற்றோருக்கு மட்டுமன்றி, அவருடைய குடும்பத்தாருக்கும் குழந்தையைக் காணும் உரிமையை நீதிமன்றம் அளிக்க 89ஆம் பிரிவு இடந்தருகிறது. தாத்தாவும் அத்தையும் சட்டத்திற்கு அந்நியர் அல்லர் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. குழந்தையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தடைவிதிக்கவும் இப்பிரிவு வழிவகுக்கிறது. ஆதலால் கடப்பிதழ் யாரிடம் இருக்கும், தமிழ்நாட்டுப் பயணத்திற்கு எத்தனை நாள்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டும் என்பவற்றையும் எழுதிக்கொள்வது தகும்.

பராமரிப்புத் தொகை

குழந்தை தம்முடன் வாழ்ந்தாலும் வாழாவிட்டாலும், உறைவிடம், உடை, உணவு, கல்வி ஆகியவற்றைத் தம் வசதிக்கும் நிலைக்கும் ஏற்ப வழங்குவது பெற்றோரின் கடமை என்பது 92ஆம் பிரிவு. தந்தையிடமிருந்து தொகை பெறுவதே பெருவழக்கு; தாயின் வருவாயைக் கருதி அவரும் பங்களிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். ஆஸ்திரேலியா 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுத்ததைப் போன்ற கணக்கீட்டு வாய்பாடு எதுவும் மலேசியச் சட்டத்தில் இல்லை. எனவே தொகை, தேவையையும் வருவாயையும் காட்டும் தாள்களைக் கொண்டே பேசப்படுகிறது. பள்ளிப் பேருந்து, பிரத்தியேக வகுப்பு, வாடகையில் குழந்தையின் பங்கு, மருத்துவம் என்று உருப்படி உருப்படியாக எழுதி வருபவரின் சொல் எடுபடும். மொத்தமாக ‘மாதம் ஆயிரம் வெள்ளி’ என்று கேட்பவர் ஏன் ஆயிரம் என்னும் வினாவுக்கு விடை தேட நேரும். கூடுதல் நேர வேலையால் வருவாய் ஏறி இறங்கும் தந்தையிடம், அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு மாதத் தொகையை வகுத்து, பள்ளித் தொடக்கச் செலவையும் மருத்துவச் செலவையும் விழுக்காட்டு முறையில் தனியே பகிர்வது நடைமுறைக்கு ஒத்தது.

எந்த வயதுவரை என்பதில் ஒரு வரலாறே உண்டு. 95ஆம் பிரிவின்படி ஆணை 18 வயதில் முடிவடையும். உடல் அல்லது மனக் குறைபாடு இருப்பின் மட்டுமே நீளும் என்பது பழைய நிலை. பல்கலைக்கழகக் கல்விக்காகப் பெற்றோரைச் சார்ந்திருக்கும் நிலையும் அவ்விலக்கினுள் அடங்கும் என்று 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பரந்த பொருள் கொண்டது. 2004இல், ஒரு தமிழ்த் தம்பதியின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் அப்பொருளை ஏற்க மறுத்தது. சட்டத்தின் சொல் அதற்கு இடந்தரவில்லை, மாற்ற வேண்டியது நாடாளுமன்றமே என்பது அதன் நிலைப்பாடு. கல்வியையே ஏணியாகக் கருதும் ஒரு சமூகத்தில், ஆறாம் படிவத்தின் வாயிலில் தந்தையின் சட்டக் கடமை முடிந்துவிடுவதாக ஆனது. நாடாளுமன்றம் 2017இல் சட்டத்தைத் திருத்தி, 2018 டிசம்பர் 15 முதல் மேற்கல்வி அல்லது பயிற்சி முடியும்வரை தொகை தொடர வழிசெய்தது. ஏறத்தாழ பதினான்கு ஆண்டு இடைவெளி அது. இன்றும் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுள்ளது. ஆணையில் இதைவிடக் குறைந்த காலம் குறிக்கப்பட்டிருந்தால் அக்காலமே கொள்ளப்படும் என்று அப்பிரிவு தொடங்குகிறது. பழைய மாதிரிப் படிவத்தைப் பார்த்து ‘18 வயது வரை’ என்று எழுதிவிட்டால், திருத்தம் தந்த பயனைப் பெற்றோர் தம் கையாலேயே நீக்கிவிட்டனர் என்று வாதிட இடமேற்படும்.

ஆணை பெறுவது வேறு, பணம் பெறுவது வேறு. 1968ஆம் ஆண்டின் பராமரிப்புத் தொகை அமலாக்கச் சட்டத்தின்கீழ், முதலாளியே சம்பளத்திலிருந்து கழித்துச் செலுத்துமாறு ஆணை பெறலாம். சம்பளச் சீட்டு உள்ளவரிடம் இது பயன்தரும். சொந்த லாரி ஓட்டுபவரிடமும் குத்தகை வேலை செய்பவரிடமும் கழிப்பதற்கு முதலாளி இல்லை. மேலும், வழக்குத் தொடுப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்திய நிலுவையை மீட்க இயலாது. ‘போகட்டும், தானாகத் தருவார்’ என்று பொறுத்திருக்கும் தாய்மார் இழப்பது இதனால்தான். ஒவ்வொரு செலுத்துகையும் வங்கிக் கணக்கின் வழி நடைபெற வேண்டும் என்று எழுதிவைப்பது இருவருக்கும் பாதுகாப்பாகும். ஒழுங்காகத் தரும் தந்தைக்கும் அதுவே சான்று. வழக்கறிஞர் கட்டணத்திற்கு வசதியற்றோர், குடும்ப வழக்குகளையும் ஏற்கும் அரசாங்கச் சட்ட உதவித் துறையை நாடலாம்.

உடன்படிக்கையில் விடுபடும் ஒன்று

சமயம் பெரும்பாலான உடன்படிக்கைகளில் எழுதப்படுவதில்லை. இருவரும் இந்துக்கள், எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகின்றனர். ஈப்போவின் இந்திரா காந்தி வழக்கு நாடறிந்தது. கணவர் 2009இல் மதம் மாறி, தாயின் இசைவின்றி மூன்று குழந்தைகளையும் மதம் மாற்றினார்; பதினொரு மாதக் குழந்தையைத் தம்முடன் கொண்டுசென்றார். 2010இல் உயர்நீதிமன்றம் பொறுப்புரிமையைத் தாய்க்கு அளித்தது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம், குழந்தையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் இசைவும் தேவை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் அக்குழந்தை தாயிடம் ஒப்படைக்கப்படவில்லை. சிரம்பான் தம்பதி ஒருவரின் வழக்கில், 2014இல் உயர்நீதிமன்றம் இரு குழந்தைகளையும் தாய்க்கு அளித்த இரண்டு நாள்களில் தந்தை மகனைக் கொண்டுசென்றார். 2016இல் கூட்டரசு நீதிமன்றம் குழந்தைகளின் விருப்பத்தைக் கேட்டறிந்து, மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. உடன்பிறந்தோர் அனைவரையும் ஒருவரிடமே விடும் கட்டாயம் நீதிமன்றத்திற்கு இல்லை.

பெற்றோருள் ஒருவர் மதம் மாறினும் குழந்தையின் சமயத்தை இருவரின் இசைவால் மட்டுமே மாற்றலாம் எனும் நோக்கில் சட்டமுன்வரைவில் இடம்பெற்ற 88அ என்னும் பிரிவு 2017இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆகவே இப்பாதுகாப்பு தீர்ப்பில் உள்ளதேயன்றி 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லில் எழுதப்படவில்லை. ஆனால் குழந்தை எந்தச் சமயத்தில் வளர்க்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிக்க 89ஆம் பிரிவு முன்பிருந்தே இடந்தருகிறது. ஒரே ஒரு வரியை உடன்படிக்கையில் சேர்த்து அதை நீதிமன்ற ஆணையாக்கிக்கொள்ளலாம்.

இவ்வாறு எழுதப்படும் எதுவும் இறுதியானதன்று. பெற்றோர் ‘இனி மாற்றுவதில்லை’ என்று கையொப்பமிட்டிருந்தாலும், குழந்தையின் நலனுக்கு ஏற்றது என்று கண்டால் நீதிமன்றம் உடன்படிக்கையை மாற்றலாம் என்பது 97ஆம் பிரிவு. தந்தை வேலை இழந்தாலும், தாய் மறுமணம் செய்து பினாங்குக்குக் குடிபெயர்ந்தாலும், பதினான்கு வயது மகன் கிள்ளானில் தந்தையுடன் தங்கிப் படிக்க விரும்பினாலும், இருவரும் மீண்டும் பேசி, புதிய ஏற்பாட்டை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்யாமல் வாய்மொழியாக மாற்றிக்கொண்டால், பழைய ஆணையே நடப்பிலுள்ள ஆணையாக இருக்கும். பிள்ளை தந்தையின் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்க, அவர்மீது நிலுவையும் மாதந்தோறும் ஏறிக்கொண்டிருக்கும்.