நடிகர்களைப் போற்றிய போஜனசாலை

நாடகக் கலையைப் போற்றுவது பிரபுக்களின் கடமை மட்டுமன்று. ஹோட்டல்காரரும் அதனைச் செய்யலாம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து நாடகசாலைகளின் நடுவே அமைந்த ஸார்டி போஜனசாலையின் சரித்திரம் இதற்குச் சான்றாகும்.

இத்தாலியிலிருந்து பிழைக்கச் சென்ற வின்ஸென்ட் ஸார்டியும் அவர் மனைவியாரும் 1921-ல் ஒரு சிறு உணவுக் கடை திறந்தனர். புதிய நாடகசாலை எழுப்பும்பொருட்டு அக்கட்டடம் இடிபடவே, 1927-ல் அதே தெருவில் வேறிடம் புகுந்தனர். ஆரம்பத்தில் வியாபாரம் மந்தமாகவே இருந்தது. ஸார்டி, அலெக்ஸ் கார்ட் என்ற ருஷ்ய அகதியைக் கொண்டு, நடிகர்களின் வேடிக்கைச் சித்திரங்களை வரைவித்துச் சுவரெங்கும் மாட்டினார். கூலி பணமன்று, சாப்பாடு! சித்திரத்தை ஸார்டி குறை கூறலாகாது. உணவைக் கார்ட் குறை கூறலாகாது என்பது உடன்படிக்கை. கையில் காசில்லாத நடிகர்களுக்கு அங்கே கடனுக்கும் உணவு கிடைத்தது. 1947-ல் டோனி பரிசுகள் முதன்முதலாக வழங்கப்பெற்றபோது, ஸார்டிக்கும் நாடகத்துறையார் விசேஷப் பரிசளித்து நன்றி செலுத்தினர்.

நமது கும்பகோணம் நாடகப் பெருமையில் குறைந்ததா? பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளின் நாடகத்தைக் காண வெளியூர் ஜனங்கள் திரண்டு வந்தனர். அவர்களுக்காக ரயில்வேயார் விட்ட தனி வண்டிக்குப் 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் வழங்கிற்று. அவ்வம்மையாரோ முதுமையில் வறுமையுற்று மதுரையில் மறைந்தார். தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை புகுந்த விசுவநாத தாஸ் 1940-ல் மேடையிலேயே உயிர் நீத்தார். சுதந்திரப் போருக்கு இவ்விதம் தொண்டு செய்தவர்களையும் 'கூத்தாடிகள்' என்று இகழ்ந்த நாடு இது!

இன்று தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் எங்கு நோக்கினும் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகை தொங்குகிறது. ஊரின் பெயரால் வியாபாரம் செழிக்கிறது. அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்த கலைஞர்களை நினைப்பார் அரியர். குடந்தை ஹோட்டல் முதலாளிகளை நாம் வேண்டுவது இதுவே: உங்கள் சுவர்களில் நமது நாடகக் கலைஞர்களுக்குச் சிறிது இடம் கொடுங்கள். உருவப்படம் கிட்டாவிடில் பெயரையேனும் எழுதுங்கள். நலிந்த கலைஞர் வாசலுக்கு வந்தால் மரியாதையுடன் இலை போடுங்கள். செலவு அற்பம், பல்லாண்டுப் பழி நீங்கும்.